சாமைச் சோறு சாப்பிட்டும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1 என்று வந்ததால் மாவுச்சத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னார். அரிசியை நிறுத்திவிட்டு, காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் சாமைச் சோறு, இரவில் நான்கு சப்பாத்தி என்று மாற்றி நான்கு மாதம் ஆகியும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் மாமியாரும் கல்லூரிக்குப் போகும் மகனும் இருப்பதால் இரண்டு சமையல் செய்ய என்னால் முடியவில்லை. நம் சாப்பாட்டை வைத்தே மாவுச்சத்தைக் குறைக்க வழி உண்டா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வழி உண்டு, அதற்காக இரண்டு சமையல் செய்யவும் தேவையில்லை. ஆனால் நான்கு மாதம் நீங்கள் எடுத்த முயற்சி ஏன் பலன் தரவில்லை என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இதே இடத்தில்தான் நம் வீடுகளில் பெரும்பாலானோர் தவறுகிறார்கள்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, சமைக்காத 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கேழ்வரகு, சாமை, வரகு ஆகியவற்றில் அது 65 முதல் 67 கிராம். கோதுமை மாவில் 64 கிராம். அதாவது, அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு சிறுதானியத்தை வைத்தால் மாவுச்சத்து ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. கேழ்வரகிலும் கம்பிலும் நார்ச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை, அதற்காக அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் கேழ்வரகை மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கும்போது அது வேகமாகச் செரித்து, வேகமாக இரத்தத்தில் சேர்கிறது. சப்பாத்தியின் கணக்கு இன்னும் பலருக்கு வியப்பாக இருக்கும்: ஒவ்வொன்றும் 30 கிராம் மாவில் இட்ட நான்கு சப்பாத்திகளில் 77 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அது இரண்டு கிண்ணம் சோற்றுக்குச் சமம். சர்க்கரை வந்தால் இரவில் சப்பாத்தி என்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒரு விதியாகவே ஆகிவிட்டது. எண்ணிக்கையைக் குறைக்காதவரை அந்த விதியால் பயனில்லை. ஆகவே, எந்தத் தானியம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, தட்டில் தானியம் எவ்வளவு, காயும் பருப்பும் எவ்வளவு என்ற கேள்விக்கு வர வேண்டும்.

சமையலைச் சொல்வதற்கு முன் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளும் கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. உணவில் மாவுச்சத்தைக் கணிசமாகக் குறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே எடுத்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் வரக்கூடும். எனவே, கீழே சொல்லும் மாற்றத்தைத் தொடங்கும் வாரத்திலேயே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைப் பேசிக்கொள்ளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரின் அனுமதியின்றி இதைத் தொடங்கக் கூடாது.

எவ்வளவு குறைப்பது? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 2022-ல் வெளியான கணிப்பு, நாளின் மொத்த ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கை ஏறக்குறைய பாதி அளவுக்குக் கொண்டுவந்து, புரதத்தை ஐந்தில் ஒரு பங்கு வரை உயர்த்துவது நோயைக் கட்டுக்குள் கொண்டுவர உதவும் என்கிறது. பேலியோ முறையில் செய்வது போல நாளுக்கு 30, 40 கிராம் என்று இறங்க உங்கள் வீட்டில் தேவையில்லை. பருப்பும் பயறும் அன்றாடம் புழங்கும் சமையலில் அதைக் கடைப்பிடிக்கவும் முடியாது. உங்கள் கணவருக்கு நாளுக்கு 150 கிராம் அளவை முதல் இலக்காக வையுங்கள். அந்தக் கணக்கில்தான் கீழே உள்ளவற்றைச் சொல்கிறேன்.

மதிய உணவில்தான் பெரும் மாற்றம் தேவை. 150 கிராம் வெந்த சோறு பிடிக்கும் ஒரு கிண்ணத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து இருக்கும். குழம்புக்கு, ரசத்துக்கு, தயிருக்கு என்று நாம் மூன்று முறை சோறு போட்டுக்கொள்வதால்தான் அளவு தெரியாமல் மாவுச்சத்தில் நூறு கிராமைத் தாண்டுகிறோம். அந்த ஒரு கிண்ணம் அரிசிச் சோறாகவே இருக்கட்டும். ரசத்தைக் குடிக்கலாம், தயிரைக் கிண்ணத்தில் வைத்து வெள்ளரிக்காயோடு சாப்பிடலாம். சோற்றுக்குக் காய் தொட்டுக்கொண்ட பழக்கத்தை, காய்க்குச் சோறு தொட்டுக்கொள்ளும் பழக்கமாக மாற்ற வேண்டும். அதற்கு ஒருவருக்கு கால் கிலோ காய் வேண்டும். அவரை, கொத்தவரை, வெண்டை, கத்தரி, புடலை, பீர்க்கு, சுரை, முட்டைக்கோஸ், வாழைப்பூ, வாழைத்தண்டு, எந்தக் கீரையானாலும் தாராளமாகச் செய்யலாம். உருளை, சேனை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி ஆகியவை சமையலறையில் காய் என்று பெயர் பெற்றாலும் மாவுச்சத்தில் சோற்றின் இனம். அவற்றை வைக்கும் நாளில் சோற்றில் பாதியைக் குறைத்துவிடுங்கள்.

கால் கிலோ காய் என்றால் நறுக்கும் வேலை கூடும் என்பதை நான் அறிவேன். சுரை, புடலை, சௌசௌ போன்றவற்றைக் கூட்டாகச் செய்தால் பொடிப்பொடியாக நறுக்க வேண்டியதில்லை, பாசிப்பருப்பும் கூடவே சேர்ந்துவிடும். நறுக்கும் வேலையில் மகனுக்கும் கணவருக்கும் பங்கு கொடுங்கள். இது வீட்டிலுள்ள எல்லோருடைய உடம்புக்கும் உரிய வேலை.

குழம்பு வகையில் கவனிக்க வேண்டியவை சிலவே. கூட்டையும் வற்றல் குழம்பையும் கெட்டியாக்க அரிசி மாவு கரைத்து ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட்டு, கூட்டுக்கு இரண்டு கரண்டி வெந்த பருப்பை மசித்துச் சேருங்கள். வற்றல் குழம்பைச் சற்று நேரம் கூடுதலாகக் கொதிக்கவிட்டால் தானே சுண்டிவிடும். மோர்க்குழம்புக்கு அரிசி ஊறவைத்து அரைக்காமல் தேங்காய், சீரகம், பச்சை மிளகாயோடு ஒரு தேக்கரண்டி துவரம்பருப்பு போதும். சாம்பாரில் வெல்லம் வேண்டாம். அடியில் தங்கியிருக்கும் பருப்பைக் கணவருக்கு அள்ளி வையுங்கள், ஏனென்றால் தெளிவாக ஊற்றும் சாம்பாரில் புரதம் மிகக் குறைவு. கஞ்சியை வடித்துவிட்டால் சோற்றில் சர்க்கரை போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். வடிப்பதால் போகும் மாவுச்சத்து சிறிதளவுதான், அளவைக் குறைப்பதற்கு அது ஈடாகாது.

காலை உணவுக்கு வருவோம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கில் அரைத்த மாவில், நான்கு இட்லியில் ஏறக்குறைய 38 கிராம் மாவுச்சத்தும் 6 கிராம் புரதமும் இருக்கும். அரை ஆழாக்கு அரிசிக்கு ஒன்றே முக்கால் ஆழாக்குப் பருப்பு வகைகள் சேர்த்து அரைத்த அடை இரண்டில் 36 கிராம் மாவுச்சத்தும் 12 கிராம் புரதமும் இருக்கும். மாவுச்சத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதைக் கவனியுங்கள். பருப்பு சேர்ந்தாலே மாவுச்சத்து இல்லை என்று எண்ணி ஐந்து அடை சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடையின் நன்மை, இரண்டிலேயே வயிறு நிறைந்து மதியம் வரை பசி தாங்குவதுதான். அதில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்தால் இன்னும் நல்லது.

உண்மையாகவே குறைந்த மாவுச்சத்து வேண்டுமானால், ஆந்திரத்தில் பெசரட்டு என்று செய்யும் பாசிப்பயறு தோசைதான் என் முதல் தேர்வு. 50 கிராம் முழுப் பயற்றில் இரண்டு தோசை வரும்; மாவுச்சத்து 23 கிராம், புரதம் 11 கிராம், நார்ச்சத்து 8 கிராம். பயற்றை இரவு முழுக்க ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்போடு அரைத்து உடனே வார்க்கலாம். புளிக்க வேண்டியதில்லை என்பதால் முன்கூட்டியே மாவாட்டி வைக்கும் வேலை இல்லை. மாவு தண்ணீராக இருந்தால் கல்லில் ஒட்டும், தோசை பிய்ந்துவிடும். ஆகையால் கெட்டியாக அரைத்து, கல் நன்கு காய்ந்ததும் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு வார்க்க வேண்டும். முறுகல் வராவிட்டால் ஒரு ஆழாக்குப் பயற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி அரிசி சேர்த்து ஊறவையுங்கள், கணக்கு பெரிதாக மாறாது. முட்டை சாப்பிடுகிறவர் என்றால், காய் போட்டுப் பொரித்த இரண்டு முட்டையோடு ஒரு தோசை போதும். இரண்டு முட்டையில் 12, 13 கிராம் புரதம் உண்டு, மாவுச்சத்து ஒரு கிராம் அளவே. இட்லி மாவில் உளுந்தை மிகவும் கூட்டினால் இட்லி பிசுபிசுத்துச் சப்பையாகிவிடும். இட்லி வேண்டும் என்ற நாளில் இரண்டு இட்லியை வைத்து, காய் நிறைந்த சாம்பாரைக் கிண்ணம் நிறைய ஊற்றுவது மேல்.

இரவில் சப்பாத்தியை இரண்டாகக் குறைத்து, குடைமிளகாயும் பன்னீரும் வதக்கியோ, காய்கறிக் குருமாவில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை சேர்த்தோ, மீன் குழம்பிலிருந்து இரண்டு துண்டு மீனோடோ கொடுங்கள். குருமாவில் உருளை வேண்டாம்.

காலிஃபிளவரைத் துருவிச் சோறாகச் செய்வது பற்றியும் பலர் கேட்கிறார்கள். எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு போன்ற கலந்த சாதங்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ரசத்துக்கும் தயிருக்கும் பொருந்தாது. துருவலைத் தண்ணீர் ஊற்றாமல், மூடாமல், அகன்ற வாணலியில் மூன்று நான்கு நிமிடம் மட்டும் வதக்கி, உப்பைக் கடைசியில் சேர்க்க வேண்டும். முதலிலேயே உப்புப் போட்டால் நீர் விட்டுக் குழைந்துவிடும். பாதிக்குப் பாதி சோற்றோடு கலந்தால் பெரும்பாலும் சுவையில் வேற்றுமை தெரிவதில்லை.

மாவுச்சத்தைக் குறைத்த இடத்தில் நெய்யையும் எண்ணெயையும் வெண்ணெயையும் நிரப்புவதை நான் ஏற்கவில்லை. நம் மக்களில் சர்க்கரையோடு கெட்ட கொழுப்பும் சேர்ந்தே இருப்பது சாதாரணம். உங்கள் கணவருக்கு நாளுக்கு ஐந்தாறு தேக்கரண்டி எண்ணெய் போதும், பொரியலுக்கு ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் தாராளம். மாலையில் பிஸ்கட்டுக்கும் முறுக்குக்கும் பதிலாக அவித்த வேர்க்கடலையோ, அரைக் கிண்ணம் சுண்டலோ, சர்க்கரை இல்லாத தேநீரோ கொடுங்கள்.

மாமியாருக்கும் மகனுக்கும் இதே குழம்பு, இதே கூட்டு, இதே பொரியல்தான். சோற்றின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். வயதானவருக்குச் சர்க்கரை இல்லையென்றால் அவர் சோற்றைக் குறைக்க வேண்டாம், பருப்பும் தயிரும் கூடினால் அவருக்கும் நல்லது. பரிமாறும்போது கணவருக்கு முதலில் காயையும் கூட்டையும் வைத்து, அவற்றில் பாதியை அவர் சாப்பிட்ட பிறகு சோற்றைப் போடுங்கள். காயும் புரதமும் முன்னே போனால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: சாப்பிடத் தொடங்கும் முன் ஒரு அளவு, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஓர் அளவு, பக்கத்தில் என்ன, எத்தனை சாப்பிட்டார் என்பது. இரண்டாவது அளவு பொதுவாக 180-க்குள் இருப்பது நல்லது. இரண்டு அடைக்கு எவ்வளவு ஏறுகிறது, பயறு தோசைக்கு எவ்வளவு, ஒரு கிண்ணம் சோற்றுக்கு எவ்வளவு என்பது உங்கள் கணவரின் உடம்புக்கே உரிய கணக்கு. எப்போதாவது 70-க்குக் கீழே இறங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அன்றே மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.