ஈடு வைத்த தீவுகளில் செப்டெம்பர்

கேள்வி: கிளாஸ்கோவில் படிக்கும் மகளைப் பார்க்க, செப்டெம்பர் முதல் வாரம் நானும் மனைவியும் போகிறோம். அப்படியே வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளையும் பார்த்துவிட ஆசை. “இலையுதிர்காலம் தொடங்கிவிடும், குளிர் தாங்கமாட்டீர்கள், இன்னொரு ஜூனில் பார்க்கலாம்” என்கிறாள் மகள். எனக்கு 66 வயது. போகலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: போங்கள் ஐயா. இன்னொரு ஜூனுக்காகக் காத்திருக்க வேண்டாம். நானும் தம்பியும் போனது செப்டெம்பர் முதல் வாரத்தில்தான். அப்போது எனக்கு 61.

மகள் அஞ்சுவது குளிருக்கு. கோடை முழுவதும் சூடு வாங்கிய கடல் அந்த நாட்களில் இன்னும் ஆறியிருக்காது. பகலில் 13, 14 பாகை, இரவில் 9, 10. ஜனவரியில் நுவரெலியாவில் தங்கியவர்களுக்கு இது புதிதல்ல. காற்றுத்தான் வேறு. எங்கே நின்றாலும் ஐந்து கிலோமீற்றருக்குள் கடல். மறிக்க மரங்களும் இல்லை. நான் இருந்த ஆறு நாளில் குடை பிடித்த ஒருவரையும் காணவில்லை. காற்றுப் புகாத மழைக்கோட்டு, உள்ளே இரண்டு கம்பளிச் சட்டை, தண்ணீர் இறங்காத சப்பாத்து, இவை போதும். செப்டெம்பர் பிற்பகுதியில் பெருங்காற்றுகள் கூடிவிடும். அதனால் முதல் வாரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் அபர்தீன். அங்கே மாலையில் கப்பல் ஏறினால் மறுநாள் காலை ஏழரை மணியளவில் ஷெட்லாந்தின் துறைமுக நகரான லேர்விக். வழியில் ஓர்க்னித் தீவுகளில் நிற்கும் நாட்களில் நேரம் கூடும். உங்கள் வயதில் நாற்காலியில் இருந்துகொண்டு போக வேண்டாம். படுக்கை அறை எடுங்கள், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. வாந்திக் குளிசையைத் தலை சுற்றத் தொடங்கியபின் அல்ல, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஷெட்லாந்து பிரித்தானியாவைச் சேர்ந்தது. கையிலிருக்கும் வீசாவே போதும்.

இனிச் சொல்வதை மனைவிக்கும் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பயணத்தைக் கொழும்பில் ஒழுங்குசெய்து தந்தவர், தீவிலிருந்து விமானத்தில் புறப்படும் நாளுக்கு மறுநாளே லண்டனிலிருந்து கொழும்புக்கு டிக்கெட் போட்டிருந்தார். தீவிலிருந்து புறப்பட வேண்டிய அன்று காலை அங்குள்ள சம்பரோ விமான நிலையத்தில் கடல்மூட்டம் இறங்கிவிட்டது. அந்த விமான ஓடுபாதையைப் பிரதான வீதி குறுக்கே கடக்கிறது. விமானம் வரும்போது வெள்ளவத்தை ரயில் கடவையில் போலவே தடுப்பு விழும். மூட்டத்துக்குள் அந்தத் தடுப்பைப் பார்த்தபடி பகல் முழுவதும் இருந்தோம். அது விழவேயில்லை. கொழும்பு டிக்கெட் போயிற்று. புதிதாக இரண்டு வாங்கினோம். தீவில் உங்கள் கடைசி நாளுக்கும் லண்டன் விமானத்துக்கும் இடையே இரண்டு நாளாவது சும்மா கிடக்கட்டும். மூட்டமோ காற்றோ வராவிட்டால் அந்த இரண்டு நாளும் மகளோடு.

சரி, என்ன பார்ப்பது? ஏறத்தாழ நூறு தீவுகள். அவற்றில் பதினாறில்தான் ஆட்கள். நெடுந்தீவு பார்த்தவருக்கு அங்கே இறங்கியதும் ஒரு பழக்கம் தட்டும்: சாந்து பூசாமல் அடுக்கிய கல்வேலி, காற்றில் பிடரி பறக்க நிற்கும் குட்டைக் குதிரைகள். பனைதான் இல்லை. ஊர்ப் பெயர்களில் பழைய நோர்வே மொழி கேட்கும். காரணம் ஒரு சீதனம். 1469இல் டென்மார்க்கையும் நோர்வேயையும் ஆண்ட மன்னர் முதலாம் கிறிஸ்தியான், மகள் மார்கிரெட்டை ஸ்கொட்லாந்து மன்னர் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தார். பேசிய சீதனக் காசு கையில் இல்லை. ஓர்க்னியை முந்திய ஆண்டே ஈடு வைத்திருந்தார். அதுவும் போதாமல் 8,000 புளோரின் நாணயத்துக்கு ஷெட்லாந்தையும் வைத்தார். இரண்டும் மீளவில்லை. பெண் பிள்ளைகளைப் பெற்ற எங்கள் சனத்துக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. லேர்விக் துறையில் நின்று நினைத்தபோது எனக்கு அந்த இளவரசியை நினைத்து மனம் கனத்தது.

லேர்விக்கில் ஓர் இறைச்சிக் கடையில் உப்புக்கண்டம் தொங்குகிறது. ஆட்டிறைச்சியை உப்புநீரில் ஊறவைத்து, பிறகு கூரையின்கீழ்க் கட்டி உலரவிடுவார்கள். முன்பு அடியில், சதுப்பில் வெட்டி உலர்த்திய கரிமண் நெருப்பின் புகை. ‘ரீஸ்டிட்’ ஆட்டிறைச்சி என்று பெயர். உருளைக்கிழங்கும் கரட்டும் போட்டுச் சூப் வைத்து, தட்டை ரொட்டியோடு தருகிறார்கள். முதல் கரண்டியில் உப்பு நாக்கைப் பிடிக்கும். மூன்றாவது கரண்டியில் அம்மாவின் அடுப்படிப் பரண் மணக்கும். தம்பி இரண்டாவது கோப்பையும் வாங்கினான்.

ஜூனைவிடச் செப்டெம்பர் நல்லது என்று நான் சொல்வதற்கு முக்கிய காரணம் இரவு. ஜூனில் அங்கே முழு இருட்டே வராது. செப்டெம்பர் தொடக்கத்தில் எட்டு மணிக்குச் சூரியன் இறங்கி, ஒவ்வொரு நாளும் பகல் ஐந்தாறு நிமிடம் குறையும். வானம் தெளிந்தால் வடதுருவ ஒளி தெரிய வாய்ப்பு உண்டு. ‘மிரி டான்சர்ஸ்’ என்பார்கள் அங்கத்தையவர்கள். இரண்டாம் இரவு பத்தரை மணிக்கு வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிக் கூப்பிட்டார். வடக்கே சாம்பல் நிறத்தில் ஒரு வளைவு. மேகம் என்றே நினைத்தேன். பிறகு அதன் ஓரம் அசைந்தது. கழுவிக் காயப்போட்ட வெள்ளைச் சேலையைக் காற்று தூக்கிப் பார்ப்பதுபோல. தம்பியின் கைத்தொலைபேசிப் படத்தில் அது பச்சை. கண்ணுக்குப் பச்சை தெரியவில்லை. எனக்கு அந்த வெள்ளையே போதுமாயிருந்தது.

கேள்வி: டென்மார்க் போக ஷெங்கன் வீசா கிடைத்திருக்கிறது. அதே வீசாவில் பரோ தீவுகளுக்கும் போகலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: முடியாது, தங்கச்சி. பரோ தீவுகள் டென்மார்க் முடியின்கீழ் இருந்தாலும் ஷெங்கனுக்கு வெளியே. பரோ தீவுகளுக்கும் செல்லுபடியாகும் என்று வீசாவிலேயே எழுதியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டிய விடயம் இது. விமான டிக்கெட்டுக்குக் காசு கட்டுமுன் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: செப்டெம்பரில் ஷெட்லாந்தில் பஃபின் பறவைகள் இருக்குமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: இருக்காது. ஒகஸ்ட் நடுப்பகுதிக்குள் கடலுக்குப் போய்விடும். கனெட் பறவைகள் நிற்கும்: வெள்ளை உடல், கறுத்த சிறகு நுனி, விரித்தால் ஆறடி. லேர்விக்கிலிருந்து நொஸ் தீவின் செங்குத்துப் பாறைப் பக்கம் படகு போகிற நாளாக இருந்தால் போய்ப் பாருங்கள். உயரத்திலிருந்து சிறகை மடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் விழும். படகின் அருகே விழுந்தால் முகத்தில் உப்புத் தெறிக்கும்.