எய்லரான் ரிக்கிங்கை (பொருத்தி வைக்கும் நிலையை) மாற்றினால் வாஷ்அவுட்டும் தாக்குகோணமும் மாறுமா?

பறக்கும்போது இடப்பக்கம் சாயும் விமானத்தைச் சரிசெய்ய, இடப்புற எய்லரானின் (இறக்கையின் பின்விளிம்பில் நுனிப்பக்கம் உள்ள அசையும் பலகை) நடுநிலையைச் சற்றுக் கீழே இறக்கி வைக்கலாமா, அதனால் வாஷ்அவுட் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளைவளவில் குறையும்; ஆனால் சாய்வு தீராது.

வாஷ்அவுட் என்பது இறக்கையின் கட்டமைப்பிலேயே உள்ள முறுக்கு. செஸ்னா 172-இல் இறக்கையின் அடிப்பகுதி ஏறத்தாழ 1.5° மேல்நோக்கியும் நுனி ஏறத்தாழ 1.5° கீழ்நோக்கியும் அமைந்திருப்பதால், அடிப்பகுதி முதலில் ஸ்டால் ஆகிறது, அதாவது ஏற்றுவிசையை இழக்கிறது. அப்போதும் நுனியில் உள்ள எய்லரான்கள் கட்டுக்குள் இருக்கின்றன. இந்த முறுக்கை எந்த எய்லரானாலும் மாற்ற முடியாது. எய்லரான் மாற்றுவது, அது இருக்கும் பகுதியின் வளைவை. அதன் வழியாக அப்பகுதியின் பயனுறு தாக்குகோணத்தை (எதிர்வரும் காற்றை இறக்கை சந்திக்கும் கோணம்).

இந்த மாற்றத்தின் அளவைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நாண்கோட்டில் (இறக்கையின் முன்-பின் அகலம்) கால் பங்கு அகலமுள்ள எய்லரானை 2° இறக்கினால், முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் கோடு அரை டிகிரிதான் சாயும். ஆனால் மெல்லிய இறக்கைக் கோட்பாட்டின்படி, தாக்குகோணம் 1.2° கூடியதற்கு இணையான ஏற்றுவிசை அங்கே உண்டாகிறது. கீல் இடைவெளி போன்ற இழப்புகளைக் கழித்து 1° என்று கொண்டாலும், 3° வாஷ்அவுட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்றே பொருள். அதோடு, எய்லரான் இறங்கிய பகுதி வழக்கத்தைவிடச் சிறிய தாக்குகோணத்திலேயே ஸ்டால் ஆகும். இரண்டு எய்லரான்களையும் மேலே தூக்கினால் விளைவு நேரெதிர். மாதிரி விமானக்காரர்கள் ஸ்பிட்ஃபயர் போன்ற கூர்நுனி இறக்கைகளில் அவ்வாறு செய்வது இதனால்தான்.

சாய்வு ஏன் தீராது? இரு எய்லரான்களும் கேபிளால் பிணைக்கப்பட்டவை. இடப்புறத்தை மட்டும் 2° இறக்கி வைத்தாலும், பறக்கும்போது கைப்பிடியை விட்டவுடன் காற்று இரண்டையும் சமன்படுத்தி, இரு பக்கமும் சுமார் 1° இறங்கிய நிலையில் நிறுத்திவிடும். கைப்பிடி கோணலாக நிற்கும், இரு நுனிகளிலும் வாஷ்அவுட் குறைந்திருக்கும், பழைய சாய்வும் அப்படியே இருக்கும்.

பயிற்சி விமானங்களின் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில், இறக்கையின் பொருத்துகோணத்தைத்தான் (உடலோடு இறக்கை பொருத்தப்பட்ட கோணம்) முதலில் பார்க்கச் சொல்வேன். செஸ்னா 172-இல் பின் ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டு உத்தரம்) உடலோடு சேரும் இடத்தில், ஒரு புறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருக்கும் புஷ்கள் (துளையில் பொருந்தும் வளையங்கள்) உள்ளன. அவற்றை ஒருசேரத் திருப்பிச் சாயும் இறக்கையின் பின்பகுதியைச் சற்றுத் தாழ்த்தினால், அந்த இறக்கையின் ஏற்றுவிசை கூடும். பைப்பர் கப் விமானத்திலோ பின் ஸ்ட்ரட்டின் (இறக்கையைத் தாங்கும் சாய்தண்டு) முள்கரண்டி வடிவ முனையைத் திருகும்போது வாஷ்அவுட்டே மாறுகிறது. அங்கே இரு பக்க அளவுகளையும் ஒப்பிட்ட பிறகே கைவைக்க வேண்டும்.

எய்லரானின் நடுநிலையை அதன் பிறகு அளக்கலாம். அதற்கு முன் கேபிளின் இழுவிசை கையேட்டில் உள்ள அளவில் இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால், தரையில் சரியாகத் தெரியும் எய்லரான்கள் இரண்டும் பறக்கும்போது மேற்பரப்பின் குறை அழுத்தத்தால் மேலே எழும்பி நிற்கும்.