இந்தியா திரும்புகிறோம், பழைய காரை டிசம்பர் 31க்குள் தானமாகக் கொடுத்தால் வரி மிச்சமாகுமா?

கேள்வி கேட்டவர் நியூஜெர்சியில் வாடகை வீட்டில் இருக்கிறார், பிப்ரவரியில் குடும்பத்தோடு கோயம்புத்தூர் திரும்புகிறார். கையில் ஒரு 2009 கேம்ரி. ப்ளூ புக்கில் (பழைய கார்களின் விலைப் பட்டியல்) 4,000 டாலர் காட்டுகிறது, வருடம் முடிவதற்குள் ஏதாவது சாரிட்டிக்குக் கொடுத்துவிட்டால் அந்த 4,000த்தையும் 2025 வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அலுவலக நண்பர் சொல்லியிருக்கிறார், சரியா என்று கேட்கிறார்.

சரியில்லை. உங்கள் நண்பர் சொன்னது 2004 வரைக்கும் நடந்த கதை. இப்போது கணக்கே வேறு, அதிலும் வாடகை வீட்டில் இருப்பவருக்கு இந்தத் தானத்தால் வரியில் ஒரு டாலர்கூட குறையாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். காரைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, வரிக்காகக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பழைய கதை, ஏனென்றால் இன்றைக்கும் பாட்லக் விருந்தில் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவது) உட்கார்ந்து அங்கிள்கள் சொல்லும் யோசனை அங்கிருந்துதான் வருகிறது. அப்போதெல்லாம் ஓட்டை வண்டியைக் கொடுத்துவிட்டு, விலைப் புத்தகத்தில் நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ அதை அப்படியே வரிப் படிவத்தில் எழுதிவிடுவார்கள், யாரும் கேட்பதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2003ல் இதைத் தோண்டிப் பார்த்தது. 2000ஆம் வரி ஆண்டில் மட்டும் சுமார் 7,33,000 பேர் கார் தானம் காட்டியிருந்தார்கள், அதனால் குறைந்த வரி கிட்டத்தட்ட 65 கோடி டாலர். அந்த அறிக்கையில் ஒரு 1983 மாடல் டிரக் வரும், எனக்கு மறக்கவே மறக்காது. ஏலத்தில் 375 டாலருக்குப் போனது. வசூல் நிறுவனத்தின் பங்கு, விளம்பரச் செலவு எல்லாம் போக சாரிட்டியின் கைக்கு வந்தது 31 டாலர் 50 சென்ட். கொடுத்த மனிதர் வரியில் காட்டியது 2,400 டாலர்! இது ஏதோ ஒரு விதிவிலக்கு என்றும் தள்ள முடியாது, அவர்கள் தடம் பிடித்துப் பார்த்த 54 வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு, கொடுத்தவர் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் கீழோதான் சாரிட்டிக்குப் போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் 2004ல் சட்டம் திருத்தி 2005 ஜனவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போதைய விதி இதுதான்: சாரிட்டி உங்கள் வண்டியை என்ன விலைக்கு விற்கிறதோ அதுதான் உங்கள் கழிவு (வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை), ப்ளூ புக் என்ன சொன்னாலும் சரி. பெரும்பாலான தான வண்டிகள் நேரே மொத்த ஏலத்துக்குப் போகின்றன, அங்கே வாங்குகிறவர்கள் டீலர்களும் உதிரி பாக வியாபாரிகளும், அதனால் 4,000 என்று நீங்கள் நினைக்கும் கேம்ரி 900க்குப் போனால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரு சின்ன ஆறுதல், டோயிங் செலவு, ஏல நிறுவனத்தின் கமிஷன் இதெல்லாம் உங்கள் கணக்கில் குறையாது, மொத்த விற்பனை விலையைக் காட்டலாம். இன்னொன்று, 500 டாலருக்கோ அதற்குக் கீழோ விற்றால் 500 அல்லது வண்டியின் உண்மையான சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதைக் கழிக்கலாம். அதாவது 1,500 மதிப்புள்ள வண்டி ஏலத்தில் 300க்குப் போனாலும் உங்களுக்கு 500.

முழுச் சந்தை மதிப்பையும் கழிக்க மூன்று வழிதான் உண்டு: சாரிட்டியே அந்த வண்டியைத் தன் வேலைக்கு நிஜமாகப் பயன்படுத்த வேண்டும், அல்லது பெரிய அளவில் பழுது பார்த்து மதிப்பைக் கூட்ட வேண்டும், அல்லது வசதியில்லாத ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுக்க வேண்டும். கழுவித் துடைத்து ஆயில் மாற்றுவதெல்லாம் பழுது பார்த்த கணக்கில் வராது. மேரிலாந்தில் வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் என்று ஒரு அமைப்பு, வண்டிகளைத் தானமாகப் பெற்றுச் சரிசெய்து வேலைக்குப் போகக் கார் இல்லாத குடும்பங்களுக்குக் கொடுக்கிறது, அந்த மாதிரி இடத்தில் உங்கள் வண்டி தேர்வானால் கதையே வேறு. ஆனால் அவர்களும் வருகிற எல்லா வண்டியையும் குடும்பங்களுக்குக் கொடுப்பதில்லை, ஓடாததை ஏலத்துக்குத்தான் அனுப்புவார்கள்.

இனி அந்த 900 டாலராவது கிடைக்குமா என்று பார்ப்போம், முக்கியமான இடம் இதுதான். தானத்தைக் கழிக்க வேண்டுமென்றால் ஐட்டமைஸ் செய்ய வேண்டும் (வட்டி, வரி, தானம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கழிப்பது), ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (ஒவ்வொன்றாகக் காட்டாமல் மொத்தமாக எடுக்கும் நிலையான கழிவு) எடுப்பவருக்குக் கார் தானத்தால் பைசா பிரயோஜனம் இல்லை. 2025க்குக் கணவன் மனைவி சேர்ந்து போட்டால் ஸ்டாண்டர்ட் 31,500, தனி ஆளுக்கு 15,750. வாடகை வீட்டில் இருக்கும் உங்களுக்கு வீட்டுக் கடன் வட்டியும் இல்லை, சொத்து வரியும் இல்லை. மாநில வருமான வரி ஒரு 9,000, கோயில், பள்ளி என்று கொடுத்தது ஒரு 2,000 என்று வைத்தால்கூட 11,000 தான், அதில் கேம்ரியின் 900ஐச் சேர்த்து என்ன செய்ய? 31,500 பக்கத்தில்கூடப் போகாது. வீடு வாங்கியவர்களுக்கு நிலைமை வேறு. வட்டி 18,000, சொத்து வரி 11,000, மாநில வரி 7,000 என்று ஏற்கெனவே 36,000 வந்துவிட்டால் அந்த 900 முழுசாகக் கணக்கில் வரும். மாநில வரி, சொத்து வரிக்கு இருந்த 10,000 டாலர் வரம்பை 2025க்கு 40,000 ஆக்கியிருக்கிறார்கள் (வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் இந்த வரம்பு குறையும்), அதனால் நியூஜெர்சியில் எடிசன், ப்ரிட்ஜ்வாட்டர் பக்கம் வீடு வைத்திருக்கும் நிறைய பேர் 2025 கணக்கில் பல வருடத்துக்குப் பிறகு ஐட்டமைஸ் பக்கம் திரும்புவார்கள். ஆனாலும் 900 கழிந்தால் வரி 900 குறையாது, 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் மிச்சம் 198 டாலர். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் மறுபடி மறுபடி குழப்பிக்கொள்கிறார்கள். நியூஜெர்சி மாநில வரியில் இந்தத் தானத்துக்குக் கழிவே கிடையாது, அந்தப் பக்கம் எதிர்பார்க்காதீர்கள்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஃப்-1 மாணவர் விசாவில் வந்து வரி விஷயத்தில் இன்னும் நான்ரெசிடென்ட் ஆக (அமெரிக்காவில் குடியிருப்பவராகக் கணக்கில் வராதவர்) இருக்கும் இந்திய மாணவருக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவால் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்கும். அதே நிலையில் இருக்கும் இலங்கை மாணவருக்கு அது இல்லை, ஐட்டமைஸ் மட்டும்தான், ஆகவே யாழ்ப்பாணத்துத் தம்பி ஓபிடியில் (மாணவர் விசாவில் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) சம்பாதித்துக்கொண்டே தன் பழைய சிவிக் காரைக் கொடுத்தால் அந்த 500 டாலர்கூட உண்மையாகவே கழியும். வேடிக்கைதான்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா என்றால், 2026 முதல் இன்னும் இறுக்கம். ஐட்டமைஸ் செய்பவருக்கு வருமானத்தில் முதல் அரை சதவீத தானம் கணக்கில் வராது, 2 லட்சம் டாலர் வருமானம் என்றால் முதல் 1,000 போச்சு, வேறு தானம் எதுவும் இல்லாவிட்டால் 900க்கு விற்ற கேம்ரி அதிலேயே அமுங்கிவிடும். ஸ்டாண்டர்ட் எடுப்பவர்களுக்கும் தனி ஆளுக்கு 1,000, தம்பதிக்கு 2,000 வரை தானக் கழிவு வருகிறதே என்று சிலர் கேட்பார்கள், அது பணமாகக் கொடுத்ததற்கு மட்டும், காருக்கு இல்லை.

அதனால் வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் விற்றுவிடுங்கள். கார்மேக்ஸ் மாதிரி பழைய கார் வாங்கும் இடத்தில் எழுத்தில் விலை கொடுப்பார்கள், ஏழு நாள் அந்த விலை நிற்கும். தெரிந்தவர்கள் யாராவது வாங்கினால் அதைவிடக் கூடவே வரும். வாங்கிய விலையைவிடக் குறைத்து விற்கும் சொந்தக் காருக்கு வருமான வரி கிடையாது. 2,800க்கு விற்று, மனசு இருந்தால் 1,500ஐ உங்களுக்குப் பிடித்த அமைப்புக்குக் காசோலையாகக் கொடுங்கள். உங்கள் கம்பெனி மேட்சிங் (நீங்கள் கொடுத்த அளவு கம்பெனியும் கொடுப்பது) தருகிறதா என்று ஹெச்ஆர் பக்கத்தில் பாருங்கள், தந்தால் அது 3,000 ஆகிவிடும், கார் ஏலத்துக்குப் போய் இடைத்தரகர் பங்கு எல்லாம் போய் அவர்களுக்குச் சேர்வதைவிட எவ்வளவோ அதிகம்.

தானமாகவே கொடுத்துவிடுவது நல்லது என்று நான் சொல்லும் வண்டி ஒன்று உண்டு: டிரான்ஸ்மிஷன் போனது, இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கர் காலாவதியானது, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்று டோ செய்துவிடுவோம் என்று நோட்டீஸ் வாங்குவது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், முன்பின் தெரியாதவர்களுக்குச் சனி ஞாயிறெல்லாம் வண்டி காட்டி, ‘லாஸ்ட் ப்ரைஸ் என்ன’ என்று பேரம் பேச நேரம் இல்லாதவருக்கு இலவசமாக வந்து ஏற்றிக்கொண்டு போவதே பெரிய உபகாரம்.

யாருக்குக் கொடுப்பது? 501(சி)(3) பதிவு (வரிவிலக்குப் பெற்ற சாரிட்டி என்ற அங்கீகாரம்) இருக்கிறதா என்று ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) தளத்திலேயே பெயர் போட்டுத் தேடலாம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ கோயம்புத்தூர் ஆசிரமத்துக்கோ நேரே கொடுத்தால் அமெரிக்க வரியில் கழிவு கிடையாது, அமைப்பு அமெரிக்காவில் பதிவானதாக இருக்க வேண்டும். ரேடியோவிலும் சாலைப் பலகையிலும் பெரிதாக விளம்பரம் செய்கிறார்களே என்று மட்டும் போகாதீர்கள், விற்ற பணத்தில் எத்தனை சதவீதம் சாரிட்டிக்குப் போகிறது என்று போனில் கேளுங்கள், பதிலை இழுத்தால் வேறு இடம் பாருங்கள். உள்ளூர்ப் பொது வானொலி நிலையங்கள் பலவும் காரைத் தானமாகப் பெறுகின்றன.

கொடுக்கும் அன்று கவனிக்க வேண்டியது டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம். கார் கடன் எப்போதோ கட்டி முடித்திருந்தாலும் டைட்டிலில் வங்கியின் பெயர் நீங்காமல் இருக்கலாம், விடுவிப்புக் கடிதம் தேடவே ஒரு வாரம் போகும், இப்போதே எடுத்துப் பாருங்கள். பின்பக்கத்தில் வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள், சாரிட்டியின் பெயரை எழுதுங்கள், இல்லையென்றால் அந்த வண்டி எங்கே போய் இடித்தாலும் டிக்கெட் உங்கள் பெயருக்கு. நியூஜெர்சியில் நம்பர் பிளேட் உங்களுடையது, துருப்பிடித்த திருகை முந்தைய நாளே எண்ணெய் விட்டுக் கழற்றி வையுங்கள், டோ டிரக்காரர் என்ஜினை அணைக்காமல் நிற்கும்போது ஸ்க்ரூடிரைவரோடு பனியில் மல்லுக்கட்ட வேண்டாம். பிளேட்டை எம்விசியில் (மாநில வாகனத் துறை) ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகு காப்பீட்டை நிறுத்துங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஈ-இசட்பாஸ் (சுங்கக் கட்டணம் தானாகக் கழியும் கருவி), கராஜ் ரிமோட், க்ளவ் பாக்ஸில் இருக்கும் ரெஜிஸ்ட்ரேஷன், டாஷ்போர்டுப் பிள்ளையார் எல்லாம் எடுத்தாயிற்றா என்று பாருங்கள், ப்ளூடூத்தில் இருக்கும் போன் நம்பர்களையும் அழித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஈ-இசட்பாஸை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் இறங்கிய பிறகும் அவர்கள் கணக்கிலிருந்து டர்ன்பைக் சுங்கச் சாலைக் கட்டணம் கழிந்துகொண்டிருந்தது.

தேதி விஷயத்தில், இணையத்தில் படிவம் நிரப்பிய நாள் போதாது, டிசம்பர் 31க்குள் வண்டி கை மாறியிருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் டோ டிரக் கிடைப்பது கஷ்டம், 20ஆம் தேதிக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சாரிட்டி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ விற்றாலும் கழிவு 2025க்குத்தான்.

கழிவு 500க்கு மேல் போனால் சாரிட்டி 1098-சி என்ற படிவம் அனுப்பும், விற்ற 30 நாளுக்குள். அதில் உங்கள் எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) வேண்டும், அதை அமைப்பின் படிவத்தில் மட்டும் கொடுங்கள், டிரக்காரரிடம் சொல்லாதீர்கள். வரி ரிட்டர்னோடு அந்த 1098-சி நகலையும் 8283 படிவத்தையும் (பணமல்லாத தானத்துக்கானது) சேர்க்க வேண்டும். நீங்கள் பிப்ரவரியிலேயே கிளம்பிவிடுவதால், படிவம் பழைய அபார்ட்மென்ட் முகவரிக்குப் போய்க் கிடக்கும், அமெரிக்காவிலேயே இருக்கும் ஒரு நண்பரின் முகவரியைக் கொடுத்து, மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்லுங்கள். ஏப்ரல் 15க்குள் வரவில்லையென்றால் 4868 படிவம் போட்டு அவகாசம் வாங்கலாம், அல்லது இப்போதைக்கு அந்தக் கழிவு இல்லாமல் தாக்கல் செய்துவிட்டு வந்த பிறகு 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தலாம். வாடகை வீட்டுக் கணக்குப்படி உங்களுக்கு அந்த வேலையே வராது என்றுதான் நினைக்கிறேன், வேண்டுமானால் உங்கள் மாநில வரியும் மற்ற தானமும் எவ்வளவு என்று கமெண்டில் போடுங்கள், கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.