சிலிண்டரில் இருந்த 14.2 கிலோ கேஸ் எங்கே போகிறது?

பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று படித்தோம், ஆனால் சிலிண்டர் காலியானதும் உள்ளே இருந்த கேஸ் முழுக்கச் சூடாக மாறிவிடுகிறதே, அப்படியென்றால் அது அழிவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, சூடாக மாறவில்லை. ஒரு சிலிண்டரை முழுக்க எரித்து வரும் வெப்பத்துக்கு ஈடான எடையைக் கணக்கிட்டால் ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்குகூட வராது.

கேஸ் என்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும். 44 கிராம் புரொப்பேன் எரிய 160 கிராம் ஆக்சிஜன் வேண்டும், கிடைப்பது 132 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 72 கிராம் தண்ணீர். கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 204. இந்தக் கணக்கில் 14.2 கிலோ கேஸ் காற்றிலிருந்து சுமார் 51 கிலோ ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, 65 கிலோவாக உங்கள் சமையலறை ஜன்னல் வழியே வெளியே போகிறது. அதில் 22 கிலோவுக்கு மேல் தண்ணீர்!

அந்தத் தண்ணீரைக் கண்ணாலேயே பார்க்கலாம். இங்கே பெங்களூர் அல்சூரில் டிசம்பர் காலையில் குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதைப் பிடித்து, வெளிப்பக்கம் நன்றாகத் துடைத்த பாத்திரத்தோடு அடுப்பில் வைத்தால், முதல் அரை நிமிடம் அடிப்பக்கம் வியர்த்து, பர்னரில் ஒரு சொட்டு விழுந்து 'சுர்' என்னும். அம்மா பாத்திரத்தில் ஓட்டை என்றே நினைத்து அதை ஒதுக்கி வைத்திருந்தார். மாடி வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பையனுக்கு அதே பாத்திரத்தை வைத்துத்தான் இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தேன், மூன்று தடவை துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

1774ல் பாரிஸில் லவாய்சியர் என்ற வேதியியல் அறிஞர் செய்ததும் இதே மாதிரி ஒரு வேலைதான். வெள்ளீயத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து மூடிச் சூடாக்கினார், மொத்த எடை மாறவில்லை, திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது, அப்புறம்தான் எடை கூடியது. காற்றையும் கணக்கில் சேர்க்காதவரை இந்த விதி பிடிபடாது.

சரி, இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெங்களூரில் பல வீடுகளில் கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருக்கிறது. கதவைச் சாத்திக் குளித்தால் அந்த ஆக்சிஜன் அந்தச் சின்ன அறையிலிருந்துதான் போயாக வேண்டும். போதாமல் போனால் கார்பன் காணாமல் போகாது, கார்பன் மோனாக்சைடாக வரும், வாசனையே இருக்காது, ஆளை மயக்கிக் கொன்றுவிடும். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் தயவுசெய்து கீசரை வெளியே மாற்றுங்கள், அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்து பக்கெட்டில் நீர் பிடித்து, கீசரை அணைத்துவிட்டுக் குளியுங்கள்.