காசின் சத்தமும் கறள் ஆணியின் சத்தமும்

கேள்வி (உப்புவெளி): லண்டனில் இருக்கும் மச்சான் வந்தபோது ஒரு மெட்டல் டிடெக்டர் தந்துவிட்டுப் போனார். வளவுக்குள் கொண்டு நடந்தால் ஒரு இடத்தில் உறுமுகிறது, இன்னொரு இடத்தில் கீச்சென்கிறது. சத்தத்தை வைத்தே கீழே இருப்பது காசு என்று சொல்லலாமா ஐயா?

பதில்: காசாக இருக்கும் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் நல்ல காது இருந்தால் அந்த ஊகம் பெரும்பாலும் சரிவரும்.

கருவியின் அடித் தட்டுக்குள் இருக்கும் கொயில் (கம்பிச் சுருள்) விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும்பும், அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னப் புலத்தைக் கொஞ்சம் பிந்தித் திருப்பி அனுப்பும். எவ்வளவு பிந்துகிறது என்பதைத்தான் கருவி சுருதியாக மாற்றித் தருகிறது. வெள்ளி, செம்பு மாதிரி மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற உலோகம், அதுவும் தடிப்பாக இருந்தால், மேல் சுருதி. சிகரெட் பெட்டித் தாள், சோடா ரின் வளையம், மெல்லிய தங்க மோதிரம் எல்லாம் நடுவில். இரும்பு காந்தத்தோடு ஒட்டுகிற சாதி, அது எதிர்ப்பக்கமாக நடந்துகொள்ளும், அதனால் பெரும்பாலான கருவிகளில் அதற்குத் தாழ்ந்த உறுமல்.

அளவும் இதில் சேர்கிறது, பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விக்டோரியா காலத்து வெள்ளிப் பத்துச் சதம் சின்னது, மெல்லியது. அதே காலத்துச் செப்பு ஐந்து சதம் நல்ல பெரியது. ஆகவே வெள்ளியை விட செம்பு உயரக் கத்தினால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். 1963இல் வந்த 25 சதம், 50 சதம், ஒரு ரூபாய் எல்லாம் செம்பும் நிக்கலும் கலந்தவை, அந்தக் கலவை மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது, அதனால் அவை செம்புக்குக் கீழே இறங்கி நிற்கும். அமெரிக்காவில் தேடுகிறவர்களுக்கும் இதே தலையிடிதான், அங்கேயுள்ள ஐந்து சென்ட் காசும் இந்தக் கலவைதான், ரின் வளையமும் அதுவும் ஒரே சுருதியில் வந்து நிற்கும். நடுச் சுருதி எல்லாம் குப்பை என்று தள்ளிவிட்டால் மோதிரமும் கூடவே போய்விடும்.

சுருதியை விட நான் அதிகம் நம்புவது சத்தத்தின் ஒழுங்கை. தட்டை இடமிருந்து வலமாக ஆட்டும்போதும் வலமிருந்து இடமாக ஆட்டும்போதும் ஒரே சத்தம், ஓரம் கத்தரித்தது போலத் தொடங்கி முடிந்தால், அது வட்டமான சின்னப் பொருள். அப்புறம் நீங்கள் கால் வட்டம் சுற்றிப்போய் நின்று திரும்ப ஆட்டுங்கள். கிடையாகக் கிடக்கும் காசு எந்தப் பக்கம் நின்று கேட்டாலும் மாறாது. ஆணி என்றால் ஒரு பக்கத்தில் கீச்சென்றிருக்கும், மறுபக்கம் போனதும் உடைந்து உறுமும், அல்லது பேச்சே இராது. தட்டை மெல்ல மேலே தூக்கியும் பாருங்கள்: காசின் சத்தம் சட்டென்று தேய்ந்துவிடும், முழங்கால் உயரத்திலும் கத்திக்கொண்டே இருந்தால் அது தகரமோ பழைய வாளியோதான். சோடா மூடி பெரிய ஏமாற்றுக்காரன். இரும்பாக இருந்தும் தட்டையாக, வட்டமாக இருப்பதால் மேல் சுருதிக்குத் தாவும், ஆனால் ஒரு இடத்தில் நில்லாது. ஒரு சாணுக்குக் கீழே போய்விட்ட காசு, இல்லாவிட்டால் செங்குத்தாக நிற்கிற காசு, இரண்டும் முனகத்தான் செய்யும். அதைக் கேட்க ஹெட்போன் போடுங்கள்.

கேள்வி (திருகோணமலை நகர்): பரிசோதித்துப் பார்க்க ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்றைப் புதைத்தேன். கருவி இரும்பு மாதிரியும் உறுமுகிறது, இடைக்கிடை கீச்சென்றும் கத்துகிறது. பழுதா?

பதில்: கருவி உண்மையைத்தான் சொல்கிறது. 2005இல் வரத் தொடங்கிய ஐந்து ரூபாய் பித்தளை முலாம் பூசிய உருக்கு, ஒரு காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள், ஒட்டும். அதற்கு முந்திய ஐந்து ரூபாய் பித்தளைக் கலவை, அந்தத் தடித்த பழைய குத்தி எங்கேயாவது கிடைத்தால் அதையும் பக்கத்தில் புதைத்துக் கேளுங்கள், வித்தியாசம் அப்போது தெரியும். இரும்பை ஒதுக்கும் அமைப்பைப் போட்டுவிட்டால் இந்தக் காலத்துச் சில்லறை பலதும் காதில் விழாமலே போய்விடும், விழாததால் பெரிய நட்டமும் இல்லை. பழகுவதற்கு உங்கள் வளவிலேயே ஒரு ஆணி, ஒரு சோடா மூடி, ஒரு பழைய செப்புச் சதம், ஒரு ரின் வளையம் என்று வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பழகுங்கள். புத்தகம் படிப்பதை விட இது மேல்.

கேள்வி (நிலாவெளி): காய்ந்த மணலில் ஒழுங்காக வேலை செய்கிறது, அலை வந்து போகும் இடத்தில் ஒன்றுமே இல்லாமல் அலறுகிறது. ஏன்?

பதில்: உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், ஒற்றை அலைவரிசைக் கருவி நனைந்த மணலையே உலோகம் என்று எண்ணிவிடும். உணர்திறனைக் குறையுங்கள், தட்டை ஒரே உயரத்தில் வையுங்கள். பல அலைவரிசைக் கருவிகள் இதைச் சமாளிக்கும். பல்ஸ் இண்டக்‌ஷன் (காந்தப் புலத்தை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்புவது) வகையும் உப்பைப் பொருட்படுத்தாது, ஆனால் அது ஆணியையும் மோதிரத்தையும் சத்தத்தில் பிரித்துக் காட்டுவது குறைவு. வடக்கே புல்மோட்டைப் பக்கம் போனால் வேறு கதை, அங்கே இல்மனைற் என்ற இரும்புத் தாது கலந்த கறுப்பு மணல், மண்ணுக்கு ஏற்பச் சமன்செய்யாமல் ஆட்டினால் காதுதான் வலிக்கும்.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்): பிரட்றிக் கோட்டைப் பக்கம் ஒல்லாந்தர் காசு கிடைக்குமாமே, இரவில் போய்த் தேடினால் என்ன?

பதில்: இரவில் என்று கேட்டதிலேயே உங்களுக்கு விடை தெரிந்திருக்கிறது. ஒல்லாந்தர் இங்கே புழங்கிய செப்புக் காசுகளில் திருகோணமலையைக் குறிக்கும் 'டி' எழுத்துப் போட்டவையும் உண்டு, ஆசை வருவது இயல்புதான். ஆனால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது, ஒல்லாந்தர் காசு சந்தேகமில்லாமல் அதற்குள் வரும். தொல்பொருள் தேடித் தோண்ட திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். புதையல் தோண்டப்போய்க் கருவியோடு பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறதே.

இன்னொன்று, இது சொந்த வளவில் தேடுகிறவர்களுக்கும்தான். மேலே உறுமல் என்றால் இரும்பு என்றேன், அப்படியானால் விட்டுவிடலாம் என்று நினைப்பீர்கள். காசு தேடுகிறவரின் கணக்கு அது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் எந்தச் சத்தத்தையும் ஒதுக்குவதில்லை, எல்லாவற்றையும் ஆபத்தாகவே எடுத்து ஆராய்கிறார்கள். நம் மாவட்டத்தில் 1942இல் ஜப்பானியர் போட்ட குண்டு தொடங்கிப் பிந்திய யுத்தம் வரை நிறைய இரும்பு விழுந்திருக்கிறது. பெரிய, ஆழமான உறுமல் கேட்டால் மண்வெட்டியை வைத்துக் கிண்டாதீர்கள். எறிகணை மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டு விலகி வந்து, 119க்குச் சொல்லுங்கள்.