தார்ப் பாலைவனமும் பறவைகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அழிவின் விளிம்பிலுள்ள பெரிய புல்வெளிப் பறவையான கானமயிலைப் பார்ப்பதற்காகவே வரும் டிசம்பரில் குடும்பத்துடன் ஜெய்சல்மேர் செல்லவிருக்கிறோம். சாம் மணல்மேடுகளில் இரண்டு நாள் கூடாரத்தில் தங்கினால் போதுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாதம் பொருத்தமானது, தங்குமிடத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். மணல்மேட்டில் மாலை வெயிலில் ஒட்டகச் சவாரி செய்வது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் விதைக்கும் பூச்சிக்கும் வழியில்லாத, ஆட்டமும் பாட்டும் இரவு நெடுநேரம் ஓயாத அவ்விடத்தில் பறவைகளை எதிர்பார்க்க முடியாது. பாலைவனம் என்றதும் நம் மனத்தில் விரியும் மணற்கடல் தாரின் ஒரு பகுதி மட்டுமே. கானமயில் வாழ்வது, சேவண் என்னும் புல் வளர்ந்து, ஆங்காங்கே வன்னி மரங்கள் நிற்கும் சமதளமான மேய்ச்சல் வெளியில். (நம் கோயில்கள் பலவற்றில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான் கேஜ்ரி என்ற பெயரில் ராஜஸ்தானின் மாநில மரமாக இருக்கிறது.)

ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த பாலைவனத் தேசியப் பூங்காவில், வேலியிட்டுக் காக்கப்படும் சுதாசரிப் புல்வெளிதான் நீங்கள் செல்ல வேண்டிய இடம். வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, பொழுது புலரும்போதே அங்கு இருக்குமாறு புறப்படுங்கள். வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் கானலில் எத்தனை விலையுயர்ந்த பைனாகுலரும் நடுங்கும் நிழலைத்தான் காட்டும். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும், ஆண் எனில் 15 கிலோ வரை எடையும் உடைய பறவை வெட்டவெளியில் கண்ணுக்குத் தப்புமா என்று தோன்றலாம். தப்பும், புல்லுக்குள் அது கழுத்தைத் தாழ்த்திவிட்டால், அங்கே பறவை இருந்ததா என்பதே ஐயமாகிவிடும். இயற்கையில் எஞ்சியிருப்பவை 150 அளவிலேயே இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு என்பதால், இரண்டு நாளில் ஒன்றுகூடத் தென்படாமல் திரும்ப நேரலாம் என்பதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் அத்தனை தொலைவு செல்வது வீண் அல்லவா? வேறு எந்த இடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பலோதிக்கு அருகிலுள்ள கீச்சன் என்னும் ஊர் உங்களை ஏமாற்றாது. மங்கோலியா உள்ளிட்ட மத்திய ஆசியப் புல்வெளிகளில் இனப்பெருக்கம் செய்யும் டெமாய்செல் கொக்குகள், அங்குள்ளோர் குர்ஜா என அழைப்பவை, குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் இங்கு வந்து தங்குகின்றன. அவற்றுக்குத் தானியம் இறைப்பதற்கென்றே ஊரார் வேலியிட்ட ஒரு திடலை ஒதுக்கியிருக்கிறார்கள். காலையில் அவை வானில் வட்டமிட்டு, ஒன்றையடுத்து ஒன்றாக அத்திடலில் இறங்குவதைப் பார்த்தபின் கானமயில் கிடைக்காத குறை பெரிதாகத் தோன்றாது. 2025-இல் கீச்சன், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பிகானேர் அருகே இறந்த மாடுகளையும் ஒட்டகங்களையும் கொண்டுவந்து போடும் ஜோர்பீருக்குச் செல்ல மூக்கைப் பொத்திக்கொள்ளும் துணிவு வேண்டும். பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகளையும் புல்வெளிக் கழுகுகளையும் இவ்வளவு அருகில், இத்தனை எண்ணிக்கையில் காணும் வாய்ப்பு நாட்டில் வேறெங்கும் எளிதில் அமையாது. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து, அவற்றின் உடலைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து அந்த இனங்களையே ஏறத்தாழத் துடைத்தெறிந்தது. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. இந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு அங்கே நாற்றம் ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை.

நாள் மிஞ்சினால், சூரு மாவட்டத்தின் தால் சாப்பருக்குச் சென்று வெளிமான்களுக்கிடையே தாழப் பறக்கும் பூனைப்பருந்துகளைப் பாருங்கள்.

கேள்வி: புறாவை ஒத்த பாலைநிலப் பறவைகளான கல்கௌதாரிகளைப் படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவற்றைத் தேடி ஜீப்பில் எவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருக்கும்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சுற்றவே வேண்டாம், உட்கார்ந்திருங்கள். பூச்சியையும் இறைச்சியையும் தின்னும் பறவைகள் உணவிலிருந்தே ஓரளவு நீரைப் பெற்றுவிடுகின்றன. காய்ந்த விதைகளையே தின்னும் கல்கௌதாரிக்கு அந்த வாய்ப்பில்லை என்பதால், நாள்தோறும் அது நீர்நிலையைத் தேடி வந்தே தீர வேண்டும். சூரியன் உதித்து ஓரிரு மணி நேரம் கழித்து, முதலில் குரல் கேட்கும். பின்பு கூட்டம் தெரியும். சற்றுத் தள்ளி இறங்கி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கரைக்கு நடந்துவந்து, சில நொடிகளில் குடித்துவிட்டு ஒன்றாக எழும்பிவிடும்.

குஞ்சு பொரித்திருக்கும் பருவத்தில் ஆண்பறவை நீரில் வயிற்றை அமிழ்த்தி நிற்பதைக் காணலாம். அதன் வயிற்று இறகுகள் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அமைப்புடையவை. பல கிலோமீட்டர் தொலைவு பறந்து சென்று குஞ்சுகளின் முன் நிற்க, அவை அந்த இறகுகளை வாயில் கவ்வி நீரைக் குடிக்கும். எனவே படத்துக்காகக் கரையிலேயே நீங்கள் அமர்ந்தால், குடிக்காமல் திரும்பும் ஒரு பறவையோடு தாகம் நின்றுவிடாது. முந்தைய நாளே இடத்தைப் பார்த்துவைத்து, இருள் பிரியும் முன் புதருக்குப் பின்னாலோ நிறுத்திய வண்டிக்குள்ளோ அமர்ந்து, கூட்டம் முழுவதும் எழுந்து சென்றபின்னரே அசையுங்கள். மணல்நிற உடை உதவும். பேசாமலிருப்பது அதைவிட உதவும்.

கேள்வி: கானமயில்கள் மின்கம்பியில் மோதி இறப்பதாகப் படிக்கிறோம். பறவைக்குக் கம்பி தெரியாதா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: பெரும்பாலும் தெரிவதில்லை. அதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் பக்கங்களைத் தெளிவாகப் பார்க்கிறதே தவிர, நேர் முன்னால் தெரியும் பரப்பு குறுகலானது. கம்பி தென்பட்டாலும், அத்தனை எடையோடு பறக்கும் பறவையால் சட்டென்று திரும்ப முடிவதில்லை. காற்றும் வெயிலும் நிறைந்த இதே நிலத்தில்தான் காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் பெருகியிருக்கின்றன. மின்தடங்களைப் பூமிக்கடியில் கொண்டுசெல்லுமாறு உச்சநீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டது. 2024-இல் அந்த ஆணையைத் திருத்தி, வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. இதற்கிடையில் சாம், ராம்தேவ்ரா ஆகிய இடங்களிலுள்ள மையங்களில் கானமயில்கள் வளர்க்கப்பட்டு வருகின்றன. 2024-இல் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சும் பிறந்தது. அவை பார்வையாளருக்கான இடங்கள் அல்ல. கானமயிலைக் காட்டிவிடுவதாகச் சொல்லி அந்த வேலியோரம் அழைத்துச்செல்ல எவரேனும் முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.