சூடேறும் பழைய வேகன்: இன்ஜினை மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டு சுபாரு லெகசி அவுட்பேக் வேகன் இருக்கிறது. 2.5 லிட்டர் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நெடுந்தூரம் போனால் சூடேறுகிறது. பழைய லெகசியில் இருந்து கழற்றிய 2.2 லிட்டர் இன்ஜின் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கி மாட்டலாமா?

பதில்: வாங்கும் முன் சூடு எதனால் ஏறுகிறது என்று பாருங்கள். அடைத்துப்போன ரேடியேட்டரோ கெட்டுப்போன தெர்மோஸ்டாட்டோ காரணமாக இருந்தால், இன்ஜினுக்குக் கொடுக்கும் பணம் வீண். ஆனால் உங்கள் இன்ஜின் வகையில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போவது ரொம்பவே சகஜம். நின்ற இடத்தில் ஓடவிட்டால் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் வேகமாக ஓட்டி நிறுத்திய கையோடு கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். குமிழ் குமிழாக வந்து, ஓரத்தில் கரிப்படலம் ஒட்டியிருந்தால் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். உறுதி செய்ய நீலத் திரவச் சோதனை இருக்கிறது: கூலன்ட்டில் எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும்.

கேஸ்கெட்தான் என்றால் 2.2 நல்ல யோசனை. 2.5இன் சுமார் 165 குதிரைத்திறன் 135 அளவுக்கு இறங்கும், மேட்டில் அது தெரியும். ஆனாலும் இது நெடுநாள் உழைக்கும் இன்ஜின், உங்கள் கியர்பாக்ஸோடு அப்படியே பொருந்தும்.

எந்த ஆண்டு இன்ஜின் என்று கேளுங்கள். 1995 வரை வந்தவற்றில் ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு புகைவழிகள். உங்கள் புகைக்குழாயே பொருந்தும். அதன்பின் ஒரே வழி, எனவே அந்தக் குழாயையும் சேர்த்து வாங்க வேண்டும். இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்புவது) இல்லாத இன்ஜினாக இருந்தால் செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 1997 முதல் வந்தவற்றில் டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைக்கும் பட்டை) அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். விற்பவர் கம்ப்ரெஷன் சோதனைக்கு (சிலிண்டர்களின் அழுத்தத்தை அளப்பது) சம்மதிக்காவிட்டால் வேறு இன்ஜின் தேடுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற வாய்ச்சொல்லை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இன்ஜின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், அதன் உருளைகள், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பிறகு மாற்றினால் அதே வேலைக்கு இரண்டாவது கூலி.

மாட்டும்போது ஒன்றை நீங்களே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். டார்க் கன்வெர்ட்டரை (இன்ஜின் சுழற்சியை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உருண்டைப் பாகம்) சுற்றிக்கொண்டே அழுத்தினால் 'டக், டக்' என்று படிப்படியாக உள்ளே இறங்கும். முழுவதும் இறங்கியபின் இன்ஜினைத் தள்ளினால் கைபலத்திலேயே கியர்பாக்ஸோடு ஒட்டிவிடும். விரல் அளவு இடைவெளி நின்று, அதைப் போல்ட்டை முறுக்கி மூட முயன்றால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடையும். அப்புறம் கியர்பாக்ஸுக்கும் செலவுதான்.

கேள்வி: இன்ஜின் கழற்றிய அந்தப் பழைய லெகசியின் கியர்பாக்ஸும் மலிவாகக் கிடைக்கிறது. சேர்த்து வாங்கலாமா?

பதில்: பல் விகிதம் தெரியாமல் வேண்டாம். உங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களும் இழுக்கின்றன, முன்னுக்கும் பின்னுக்கும் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் பின் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்பெட்டி) 4.44ஆக இருந்து கியர்பாக்ஸ் 4.11 என்றால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், நடுவிலிருக்கும் கிளட்ச் கருகிவிடும். இதே காரணத்தால்தான் நான்கு டயர்களும் ஒரே அளவாக, ஒரே தேய்மானத்தோடு இருக்க வேண்டும். சுற்றளவில் 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது.

கேள்வி: வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்த ஆசை. ஸ்ட்ரட்டின் (ஸ்ப்ரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) மேல் வைக்கும் ஸ்பேஸர் மட்டும் போதுமா?

பதில்: அவுட்பேக் ஏற்கெனவே சாதாரண லெகசியை விட உயரம். அதற்கு மேலும் ஸ்பேஸர் மட்டும் வைத்து ஏற்றினால் ஆக்சில் சாய்ந்த கோணத்தில் சுற்றும், சி.வி. ஜாயின்ட்டின் (ஆக்சில் முனையில் வளைந்து சுற்றும் இணைப்பு) ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். இரண்டு அங்குலம் வேண்டுமென்றால் சப்ஃபிரேமையும் (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டம்) சேர்த்துக் கீழே இறக்கும் கிட்டாக வாங்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா, ஸ்டீயரிங் தண்டு சரியாகச் சேர்கிறதா என்று பாருங்கள், பிறகு வீல் அலைன்மென்ட். ஹெட்லைட்டையும் தாழ்த்துங்கள், எதிரே வருபவரின் கண் கூசும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் புது ஸ்ட்ரட், ஸ்ப்ரிங், ரப்பர் புஷ் போடுவேன். இத்தனை வயதான வண்டியில் ஸ்ப்ரிங் தளர்ந்து பின்பக்கம் தொங்கியிருக்கும். புதிது போட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும். அதன்பின் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். இன்னும் உயரம் வேண்டும் என்று தோன்றினால் கிட் வாங்குங்கள், மாட்டும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.